கம்பளிப் பந்து போட்டும் துணி மொடமொடவென்று வருகிறதா? ட்ரையரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னருக்குப் பதிலாகக் கம்பளிப் பந்துகளை வாங்கி, துணி உலர்த்தும் ட்ரையரில் துணியோடு போடத் தொடங்கியவர்கள் சில வாரங்களில் சொல்லும் குறைகள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். துணி மென்மையாகவில்லை, காலுறை சட்டையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, மின்கட்டணமும் குறையவில்லை. பிறகு பந்துகள் அலமாரிக்குப் போய்விடும். சாஃப்ட்னர் பாட்டில் திரும்ப வந்துவிடும். பெரும்பாலும் குறை பந்தில் இல்லை. பந்து வந்த பிறகு மாறியிருக்க வேண்டிய சில பழக்கங்கள் மாறாமலே இருப்பதுதான் காரணம்.

பைக்குள் பேனா இருக்கிறதா என்று பார்ப்பது, துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் லின்ட் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்வது போன்றவை ட்ரையர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடலாம்.

## பந்து தண்ணீரைக் குடித்துவிடும் என்று நம்புவது

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள் வாங்கும். உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பந்து 40 கிராம் என்றால் ஆறு பந்து 240 கிராம். அத்தனையும் சேர்ந்து வாங்கக்கூடிய தண்ணீர் 80 மில்லிக்கு மேல் போகாது. 4 கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் பிழிந்து எடுத்தால் அதில் தங்கியிருக்கும் தண்ணீர் சுமார் 2.8 லிட்டர். பந்து குடிப்பது அதில் ஒரு மூலைக்குக்கூடப் போதாது.

பந்தின் உண்மையான வேலை துணிகளைப் பிரித்துவைப்பது. டிரம் சுற்றும்போது துண்டுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பொட்டலமாகிவிடும். வெளிப்புறம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். பந்து இடையில் விழுந்து அந்தப் பொட்டலத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. சூடான காற்று எல்லா மடிப்புக்குள்ளும் போகிறது. கூடவே பந்து அடிக்கும் அடியில் இழைகள் வளைந்து நெகிழ்வதால் துணி கொஞ்சம் மென்மையாகிறது.

தண்ணீரைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், அதற்கான இடம் துவைக்கும் இயந்திரம். அதே 4 கிலோ துணியை 1,400 சுற்றில் பிழிந்தால் தங்கும் தண்ணீர் சுமார் 2 லிட்டராகக் குறையும். அதாவது ஆறு பந்துகள் வாங்குவதைப்போலப் பத்து மடங்கு தண்ணீர், ட்ரையருக்கு வரும் முன்பே போய்விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் ஏறக்குறைய 0.63 யூனிட் மின்சாரம் வேண்டும். சாதாரண ஹீட்டர் ட்ரையரில் செலவு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். துணி தாங்குமானால் பிழியும் வேகத்தைக் கூட்டுங்கள்.

## டைமரைத் தொடாமல் விடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இத்தனை பேர் இதை விடாமல் செய்வதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது. ஏனென்றால் மேலே சொன்ன மூன்று குறைகளுக்கும் வேர் இது ஒன்றுதான்.

நடப்பது இப்படி: முன்பு 70 நிமிடம் வைத்துப் பழகியவர், பந்து போட்ட பிறகும் 70 நிமிடமே வைக்கிறார். துணி 55 நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பதினைந்து நிமிடமும் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பந்து மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை டைமர் முழுதாகத் தின்றுவிடுகிறது. மின்கட்டணம் குறையாததில் வியப்பு என்ன இருக்கிறது?

மின்கட்டணத்தோடு போனாலும் பரவாயில்லை. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் காய்ந்து கிடக்கும் பருத்தித் துணிக்குள்ளும் அதன் எடையில் 7 முதல் 8 சதவீதம் வரை ஈரம் இருக்கும். அந்த ஈரம்தான் பருத்தியை வளையவைக்கிறது. அதையும் சேர்த்து உறிஞ்சி எடுத்துவிட்டால் துண்டு மொடமொடவென்று ஆகும். இழை எளிதில் முறியும். முறிந்த இழைகள் லின்ட் ஃபில்டரில் கொத்தாகச் சேரும். இடுப்புப் பட்டியில் உள்ள எலாஸ்டிக் தளரும். ஆக, பந்து மென்மையாக்கிய துணியைக் கூடுதல் சூடு மறுபடி முரடாக்குகிறது. பழி பந்தின் மேல் விழுகிறது.

துணிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் நிலைமின்சாரமும் இதே கதைதான். பாலியெஸ்டர் வாங்கிவைத்திருக்கும் இயல்பான ஈரம் அதன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால் அது சீக்கிரமே காய்ந்துவிடும். தடித்த பருத்தித் துண்டோடு சேர்த்துப் போட்டால், துண்டு காயும்வரை பாலியெஸ்டர் சட்டை எலும்பாகக் காய்ந்த நிலையில் உரசிக்கொண்டே சுற்றும். மின்னூட்டம் அதில்தான் ஏறுகிறது. துணியோடு போடும் மெல்லிய தாளான ட்ரையர் ஷீட் இழைமேல் ஒரு வழுவழுப்பான படலத்தைப் பூசி இதை அடக்குகிறது. கம்பளிப் பந்து எதையும் பூசுவதில்லை. குழந்தைகள், தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் பலர் அதை விரும்புவதே அதற்காகத்தான். எனவே நிலைமின்சாரத்தை ஒழிக்கும் பொறுப்பைப் பந்திடம் ஒப்படைக்காதீர்கள். செயற்கை இழைத் துணிகளைத் தனி லோடாகப் போடுங்கள். குறைந்த சூட்டில், சற்றே ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பந்தில் ஊக்கு குத்திவைத்தால் மின்னூட்டம் இறங்கிவிடும் என்று ஒரு யோசனை சுற்றிவருகிறது. ஊக்கு கழன்று துணியைக் கிழிக்கும். டிரம் துளையில் சிக்கும். வேண்டாம்.

சரியான நேரத்தைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. ஒரு எடைக்கருவி போதும். வழக்கமாகப் போடும் ஒரே வகைத் துணிகளை, உதாரணமாகத் துண்டுகளை மட்டும், துவைக்கும் முன் காய்ந்த நிலையில் எடை போடுங்கள். 4 கிலோ என்று குறித்துக்கொள்ளுங்கள். துவைத்துப் பிழிந்து பந்துகளோடு ட்ரையரில் போட்டு, வழக்கமான நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே நிறுத்தித் துணியை மட்டும் எடை போடுங்கள். 4 கிலோவைவிட 50 முதல் 100 கிராம் வரை கூடுதலாக இருந்தால் அதுதான் எடுக்க வேண்டிய நேரம். துணியில் இருக்கும் சூடே மீதி ஈரத்தை ஓட்டிவிடும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் ஐந்தைந்து நிமிடமாக ஓட்டிப் பாருங்கள். 3.8 கிலோ காட்டினால், துணிக்குச் சொந்தமான ஈரத்தையே எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். துண்டுக்கு ஒருமுறை, படுக்கை விரிப்புக்கு ஒருமுறை, அன்றாட உடைக்கு ஒருமுறை இப்படிச் செய்து நேரத்தை எழுதி ட்ரையர் மேல் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

எடை போட முடியாதவர்கள் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் சூடான துணி கையை ஏமாற்றும். ஒரு துண்டை வெளியே எடுத்து ஒரு நிமிடம் உதறிவிட்டு, நடுப்பகுதியைத் தொடாமல் தையல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். ஜீன்ஸ் என்றால் இடுப்புப் பட்டி.

ஈரத்தை உணரும் சென்சார் உள்ள ட்ரையரில் டைமர் நிரலை விட்டுவிட்டு சென்சார் நிரலையே பயன்படுத்துங்கள். உலர்வு நிலையில் ஒரு படி குறைவாக வையுங்கள். டிரம் வாயருகே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி அவற்றைத் தொடும்போது மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் இயந்திரம் ஈரத்தை அறிகிறது. ட்ரையர் ஷீட் பல காலம் பயன்படுத்திய இயந்திரத்தில் இந்தப் பட்டைகள்மேல் படலம் படிந்திருக்கும். மின்சாரம் கடக்காததால் காய்ந்துவிட்டது என்று எண்ணி இயந்திரம் பாதியிலேயே நிற்கும். உடனே வீட்டில் டைமருக்கு மாறிவிடுவார்கள், மறுபடி அதே தவறு. வினிகரில் நனைத்த மென்துணியால் பட்டைகளைத் துடைத்து, ஈரத்துணியால் மறுபடி துடைத்துக் காயவிட்டால் போதும்.

## சாஃப்ட்னரையும் சேர்த்து ஊற்றுவது

சாஃப்ட்னர் இழைமேல் கொழுப்புத்தன்மையுள்ள படலமாகப் படியும். துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் போவது அதனால்தான். அந்தப் படலம் பந்தின் மேலும் ஒட்டும். பந்து நாளடைவில் வழுவழுப்பாகும். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்.

சாஃப்ட்னரை நிறுத்திய உடனே துணி முன்பைவிட முரடாகத் தெரியலாம். பழைய படலம் திட்டுத்திட்டாகப் போய்க்கொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம். துண்டுகளை, பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால், 60 டிகிரியில் சாஃப்ட்னர் இல்லாமல் இரண்டு முறை துவைத்துவிட்டுப் பந்துக்கு மாறுங்கள். உப்புத்தண்ணீர் வரும் வீடாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: கால்சியம், மக்னீசியம் உப்புகளும் அலசிப் போகாத சோப்பும் இழையில் படிந்து வரும் விறைப்பை எந்தப் பந்தும் அடித்துப் போக்காது. சோப்பின் அளவைச் சரிசெய்து, கூடுதலாக ஒருமுறை அலசுங்கள்.

## பந்தில் வாசனை எண்ணெய் சொட்டுவது

எல்லோரும் ரசித்துச் சொல்லும் யோசனை இது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய்களில் பெரும்பகுதியான லிமொனீனின் ஆவி சுமார் 48 டிகிரியிலேயே தீப்பற்றத் தக்க நிலைக்கு வந்துவிடும். ட்ரையருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஹீட்டர் பக்கம் இன்னும் அதிகம். இரண்டு சொட்டில் வீடு பற்றிக்கொள்ளும் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு சொட்டு மணம் பாதியிலேயே காற்றோடு போய்விடுவதால், அடுத்த முறை ஐந்து சொட்டு, பிறகு பத்து என்று ஏறும். வெளிர்நிறத் துணியில் எண்ணெய்க் கறையும் விழும்.

இதைவிடப் பெரிய ஆபத்து மசாஜ் எண்ணெயோ சமையல் எண்ணெயோ ஊறிய துண்டு. துவைத்த பிறகும் அதில் எண்ணெய் மிஞ்சும். ட்ரையர் சூட்டில் அந்த எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து தானே வெப்பத்தை உண்டாக்கும். சூடு ஆறாமல் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். இத்தகைய துணியைக் கொடியில் காயவிடுங்கள். மற்ற லோடுகளிலும் கடைசியில் வரும் குளிர்விக்கும் கட்டத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

வாசனை வேண்டுமா? காய்ந்த லாவெண்டர் பொட்டலம் ஒன்றைத் துணி அலமாரியில் வையுங்கள்.

## ஒரே ஒரு பந்து போடுவது

பயனில்லை. சிறிய லோடுக்கு மூன்று, பெரியதற்கு ஆறு.

## டிரம்மை அடைத்துப் போடுவது

பந்து மேலிருந்து கீழே விழ இடம் வேண்டும். டிரம்மில் பாதிக்குச் சற்று மேல் வரைதான் துணி. துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே இயந்திரத்தில் என்றால் கூடுதல் கவனம்: உலர்த்தும் கொள்ளளவு துவைக்கும் கொள்ளளவைவிடக் குறைவு; 8 கிலோ துவைக்கும் இயந்திரம் 5 கிலோ அளவில்தான் உலர்த்தும். துவைத்து முடித்ததும் நிறுத்தி, மிகுதியை வெளியே எடுத்துவிட்டு, அப்போதுதான் பந்துகளை உள்ளே போட வேண்டும். முதலிலேயே போட்டால் அவை தண்ணீரில் ஊறிக் கனத்து, துணியோடு சேர்ந்து தாங்களும் உலர வேண்டிய ஈரமாகிவிடும்.

## விரிப்பு பந்தை விழுங்குவது

எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பும் போர்வை உறையும் பந்துகளையெல்லாம் ஒரு மூலையில் வாரிக்கொள்ளும். உறையின் பொத்தான், ஜிப்பைப் பூட்டிவிட்டுப் போடுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி, விரிப்பை உதறிப் பந்துகளை விடுவித்து மறுபடி ஓட்டுங்கள். அந்த ஒரு நிமிடத்தைச் சோம்பினால் பந்து போட்டதும் போடாததும் ஒன்றே.

## பட்டு, லேஸ்

பந்தும் வேண்டாம், ட்ரையரும் வேண்டாம்.

## வீட்டில் செய்யும்போது தவறான நூலை எடுப்பது

நூல் நூறு சதவீதம் கம்பளியாக இருக்க வேண்டும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்ட கம்பளியாக இருக்கக் கூடாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உரசலும் சேரும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகும். இயந்திரத் துவைப்புக்கென்று பதப்படுத்திய கம்பளியில் அந்தச் செதில்களை மழுக்கியோ பூச்சுப் பூசியோ விட்டிருப்பார்கள். அக்ரிலிக்கில் செதிலே இல்லை. இரண்டும் இறுகாது; நாலு லோடில் நூலாகப் பிரிந்துவிடும். உள்ளே பழைய துணியை வைத்துச் சுற்றுவதும் தவறு, மையம் இறுகாமல் பந்து நெளியும். டென்னிஸ் பந்து அளவைவிடச் சற்றுப் பெரிதாக இறுக்கிச் சுற்றி, நுனியை ஊசியால் உள்ளே செருகி, பழைய நைலான் காலுறைக்குள் போட்டு ஒவ்வொரு பந்துக்கும் இடையே முடிச்சிடுங்கள். வெந்நீர்த் துவைப்பு, பிறகு அதிக சூட்டில் உலர்த்தல். நகத்தால் கீறினால் நூல் தனியே எழும்பாத வரை, இரண்டு மூன்று முறை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

வெள்ளைப் பந்து புதிதில் இழை உதிர்க்கும். கறுப்பு உடைகளுக்கு அடர்நிறக் கம்பளியில் ஒரு தொகுதி தனியாக வைத்துக்கொள்ளலாம்.

## பந்தை பிளீச்சில் போட்டுச் சுத்தம் செய்வது

கம்பளி ஒரு புரதம். குளோரின் பிளீச் அதைக் கரைத்தே விடும். புரதக் கறையை நீக்கும் என்சைம் சேர்த்த சோப்புத்தூளும் நாளடைவில் கம்பளியை அரிக்கும். சோப்பு எதுவும் இல்லாமல் வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பிழிந்து, ட்ரையரிலேயே முழுதாக உலர்த்துங்கள். தளர்ந்த பந்து மறுபடி இறுகுவதற்கும் இதுவே வழி.

பிறகு அவற்றை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைக்காதீர்கள். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் நாற்றம் பிடித்துவிடும். பருத்திப் பையில் போடலாம், அல்லது ட்ரையர் கதவைச் சற்றுத் திறந்துவைத்து டிரம்மிலேயே விடலாம். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால், கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு இது விருந்து. மறுபடி ட்ரையரில் போடும் முன் சிறு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். துளை விழுந்தது, பாதியாகச் சுருங்கியது, நூல் தொங்குவது ஆகியவற்றை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்தால் போதும். மொத்தத் தொகுதியையும் மாற்ற வேண்டியதில்லை.