5 வாட்டில் கண்டம் தாண்ட, முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

அமெச்சூர் ரேடியோவில் கணினி வழியாகக் குறுஞ்செய்திகளைப் பரிமாறும் முறையான எஃப்டி8-இல் தொலைதூரத் தொடர்பு கிடைக்கவில்லை என்றால் பவரை ஏற்றாதீர்கள், கணினியின் நேரத்தைச் சரிபாருங்கள். 15 விநாடிக்கு ஒருமுறை அனுப்புவதும் கேட்பதும் மாறி மாறி நடக்கிற முறை இது, 1 விநாடிக்கு மேல் பிசகினால் எதிர்முனைக் கணினியால் உங்கள் சிக்னலைப் படிக்க முடியாமலே போகலாம்.

அப்புறம் கணினியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஆடியோ அளவு. ரேடியோவின் ஏஎல்சி மீட்டர் (ஆடியோ அளவு மீறுவதைக் காட்டுவது) அசையாத அளவுக்குக் குறையுங்கள், இல்லையென்றால் சிக்னல் சிதறிப் பக்கத்தில் இருப்பவர்களையும் கெடுக்கும். இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே கிடக்கும் சிக்னலைக்கூட இது பிடித்துவிடும், அதனால் பேண்ட் திறந்திருக்கும், அதாவது அந்த அலைவரிசையில் சிக்னல் தூரம் போகும் நேரத்தில் 14.074 மெகாஹெர்ட்ஸில் 5 வாட்டும் உயரமாகக் கட்டிய ஒரு டைபோல் ஆன்டெனாவும் தாராளம். வேறு யாரும் அனுப்பாத காலி அலைவெண் பார்த்து அனுப்புங்கள். பிஎஸ்கே ரிப்போர்ட்டர் என்ற இணையதளத்தின் வரைபடத்தைத் திறந்தால் உங்களை எங்கெங்கே கேட்டார்கள் என்று சில நிமிடங்களில் தெரியும், முதல் தடவை அதைப் பார்க்கும் சந்தோஷமே தனி.