ஷார்ட் சேல் வீடு: வங்கியிடம் பேரம் பேசும் முறை

அமெரிக்காவில் வீட்டு விலை இறங்கி, கடன் பாக்கி அதைவிடக் கூடுதலாக நிற்கும்போது, குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு அடமானத்தை விடுவிக்க வங்கி சம்மதிப்பதே ஷார்ட் சேல். வீட்டை வாங்கப்போகும் நீங்கள் வங்கியோடு நேராகப் பேச முடியாது. வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்த அனுமதியோடு அவருடைய ஏஜென்ட்தான் பேசுவார். பேச வேண்டிய சரக்கை நீங்கள் கொடுக்க வேண்டும்.

1. வீட்டின்மேல் எத்தனை கடன், வங்கி வீட்டை ஏலம்விடும் தேதி குறித்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது அடமானம் இருந்தால் அந்த வங்கியும் கையெழுத்திட வேண்டும். பல பேரங்கள் முறிவது இங்கேதான்.

2. வீட்டுக்காரரின் கஷ்ட நிலைக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வரித் தாக்கல், உங்கள் ஒப்பந்தம், கடன் முன்னனுமதி எல்லாம் ஒரே கட்டாகப் போகட்டும். கணக்கு அறிக்கையில் வெற்றுப் பக்கம் ஒன்று விடுபட்டாலும் ஃபைல் திரும்பி வரும்.

3. விலை சொல்லும்முன் வங்கியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3,00,000 டாலர் விலையில் கமிஷன் 18,000, பதிவு முதலிய செலவு 4,000, இரண்டாம் கடனுக்கு 6,000, நீங்கள் கேட்ட சலுகை 9,000 போனால் வங்கிக்கு நிற்பது 2,63,000. சலுகையே கேட்காமல் 2,95,000 சொன்னால் கமிஷன் 17,700 ஆகிறது. வங்கிக்கு 2,67,300 நிற்கும். விலை குறைவு, ஆனால் வங்கிக்குப் பிடித்தது இதுதான்.

4. அடுத்து வங்கி ஒரு தரகரை அனுப்பி மதிப்பு போடும். அவர் சில நேரம் வெளியே நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுவார். குளியலறைச் சுவரின் பூஞ்சணம் அவர் கண்ணில் படாது. கான்ட்ராக்டர் எழுதிய செலவு மதிப்பீடு, படங்கள், அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலை மூன்றையும் அவர் வருமுன்பே ஏஜென்டிடம் கொடுத்துவையுங்கள். மதிப்பு ஏறிய பிறகு இறக்குவது பெரும்பாடு. பழுதை வங்கி சரிசெய்து தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

5. வங்கியின் ஒப்புதல் கடிதம் வரும்வரை உங்கள் வீட்டுக் கடனின் வட்டி விகிதத்தை லாக் செய்யாதீர்கள், அதாவது குறிப்பிட்ட நாள்வரை மாறாதபடி உறுதி செய்யாதீர்கள். வீட்டுச் சோதனைக்கான நாள் கணக்கும் அந்தக் கடிதத் தேதியிலிருந்தே தொடங்கும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடிதம் வந்ததும் விற்பனையை முடிக்க வேண்டிய கடைசித் தேதியைப் பாருங்கள். தள்ளிப்போகும் என்று தெரிந்தால் தேதி முடியுமுன்பே எழுத்தில் நீட்டிப்பு வாங்குங்கள்.

இரண்டாம் கடன்காரர் தனியாக ஏதாவது கேட்டால், செட்டில்மென்ட் கணக்கில் (விற்பனை முடியும்போது எல்லா வரவு செலவையும் காட்டும் கணக்கு) வராத ஒரு டாலரும் தராதீர்கள். அது மோசடிக் குற்றம்.