கனிந்து கறுத்த வாழைப்பழத்தில் கேக்கும் வாய்ப்பனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் வாழை வைத்திருக்கும் வீடுகளில் பழத்துக்குப் பஞ்சம் வருவதில்லை. பழம் முழுவதும் ஒரே வாரத்தில் கனிந்துவிடுவதுதான் சிக்கல். கிளிநொச்சியிலோ முத்தையன்கட்டுப் பக்கத்திலோ வெட்டித் தொங்கவிட்ட குலை மேற்சீப்பில் பழுக்கத் தொடங்கினால், அந்தப் பழங்கள் வெளிவிடும் எதிலீன் வாயு கீழ்ச்சீப்புகளையும் விரைவுபடுத்திவிடும். வெயில் காலமென்றால் சில நாட்களுக்குள் தோல் கறுத்து, பழம் காம்பிலிருந்து கழன்று விழும். தண்ணீர் இறைத்து, முட்டுக்கொடுத்து, காற்றுக்குக் காத்து வளர்த்த குலையின் பாதி குப்பைக் கிடங்குக்குப் போவது வேதனையானது. அப்படிக் கனிந்த பழந்தான் கேக்குக்கும், பழத்தை மாவோடு பிசைந்து எண்ணெயில் பொரிக்கும் வாய்ப்பனுக்கும் மிகப் பொருத்தமானது என்றாலும், அதைக் கையாளும் விதத்தில் பலரும் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

முதல் தவறு, தோலின் நிறத்தை மட்டும் பார்த்துப் பழத்தை மதிப்பிடுவது. வாழைக்காயின் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மாப்பொருளாக இருக்கும். பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறி, நன்கு கனிந்த பழத்தில் மிகச் சிறிதளவே எஞ்சும். கேக்குக்கு இனிப்பையும் ஈரத்தையும் கொடுப்பது இந்த மாற்றமே. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பழத்தின் தோலும் கறுக்கத்தான் செய்யும். ஆனால் ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே பழுத்தல் தடைப்பட்டு, குளிரால் தோல் மட்டும் பாதிக்கப்படுவதால் உள்ளே மாப்பொருள் அப்படியே நிற்கலாம். சுடு அடுப்பில் வைத்துத் தோலைக் கறுக்க வைக்கும் குறுக்கு வழியும் இப்படித்தான்: பழம் மெதுமையாகுமே தவிர, நாட்கணக்கில் கனிந்த பழத்தின் இனிப்பு அதில் முழுமையாக வந்து சேராது. ஆகவே முதலில் வெளியே வைத்துக் கனிய விட வேண்டும். கனிந்த பின்னரே குளிரில் வைக்க வேண்டும்.

மறுபுறம், கனிந்ததற்கும் பழுதானதற்கும் உள்ள எல்லையையும் காண வேண்டும். உரித்த பழம் பழுப்பேறிக் குழைந்திருந்தால் குறையில்லை. காம்படியில் பூஞ்சணம் பிடித்திருந்தாலோ, தோல் வெடித்து நீர் வடிந்தாலோ, காடியின் புளித்த வாடை வீசினாலோ அதைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்த பகுதியை மட்டும் வெட்டி வீசிவிட்டு மீதியைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு மென்மையான பழத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கக்கூடும் என்பதால், முழுப் பழத்தையும் பசளைக் குழிக்கு அனுப்புவதே சரி.

எம்மவர் சமையலறையில் மிக அதிகமாகக் கேக்கைக் கெடுப்பது பழத்தை எண்ணிப் போடும் வழக்கம் என்பேன். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை ‘மூன்று வாழைப்பழம்’ என்று சொல்வது, வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் நீண்ட கவெண்டிஷ் பழத்தை மனதில் வைத்துத்தான். அதில் நடுத்தரமான ஒன்று, தோல் நீக்கிய பின் 120 கிராம் அளவில் இருக்கும். எங்கள் கதலி அதில் பாதிகூட வராமல் இருக்கலாம். மூன்று கதலியை மசித்துப் போட்டால் கேக் வறண்டு, உதிர்ந்து, பழத்தின் மணமே இல்லாமல் வரும். பெரிய பழத்தில் ஆறைப் போட்டால் நடுப்பகுதி வேகாமல் களியாகக் கிடக்கும். பழத்தின் முக்கால் பங்கு நீர் என்பதால், மசியலை மாவுக்கு ஏற்றபடி அளப்பது அவசியமாகிறது. 250 கிராம் கோதுமை மாவுக்கு ஏறத்தாழ 350 கிராம் மசியல், அதாவது ஒன்றரைக் கோப்பை, நல்ல அளவு. தராசு இல்லாத வீட்டில் கோப்பையால் அளந்தால் போதும். பழம் மிகக் கனிந்திருந்தால் செய்முறையிலுள்ள சீனியில் கால்வாசியைக் குறைத்தும் பார்க்கலாம். ஆனால் சீனி கேக்கை மென்மையாக வைத்திருக்கவும் உதவுவதால், முழுவதையும் நீக்குவது நல்லதன்று. கறிக்கு வளர்க்கும் மொந்தன் பழுத்துவிட்டதென்று அதைக் கேக்குக்கு எடுத்தால், கேக் இறுகிக் கனத்துத்தான் வரும்.

அடுத்தது அப்பச்சோடா. வாழைப்பழத்தில் இலேசான புளிப்புத்தன்மை உண்டு. சோடா அந்த அமிலத்தோடு சேர்ந்து வாயுவை வெளியிட்டு மாவை எழும்பச் செய்கிறது, கேக்குக்கு ஆழ்ந்த பழுப்பு நிறத்தையும் கொடுக்கிறது. மேலே சொன்ன அளவு மாவுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி போதும். நன்றாகப் பொங்கட்டும் என்று கூடுதலாகப் போட்டால், அமிலத்தோடு வினைபுரியாமல் மிஞ்சும் சோடா சவர்க்காரச் சுவையைத் தரும். பேக்கிங் பவுடர் இல்லையென்று அதே அளவு சோடாவைப் போடுவதும் இந்தத் தவறின் இன்னொரு வடிவமே, ஏனெனில் சோடாவின் வீரியம் அதைவிட மூன்று நான்கு மடங்கு. இரண்டு மூன்று மேசைக்கரண்டி எருமைத்தயிர் சேர்த்தால் சோடாவுக்கு வேண்டிய அமிலம் இன்னும் கிடைக்கும். வன்னியில் அதற்குத் தட்டுப்பாடில்லை. சோடா ஈரம் பட்டவுடனேயே வேலையைத் தொடங்கிவிடுவதால், மாவைக் கலந்து வைத்துவிட்டு அதன் பிறகு விறகு மூட்டக் கூடாது. அடுப்புச் சூடேறிய பின்னரே ஈரமும் மாவும் ஒன்று சேர வேண்டும்.

கலக்கும்போது கை ஓய்வதே நல்லது. மாவின் வெள்ளைத் தடம் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்; அதற்கு மேலும் அடித்தால் கோதுமையின் குளுட்டன் என்ற புரதம் இறுகிக் கேக் றப்பர்த் தன்மையாகிவிடும். முறிகண்டிக் கடைகளில் வாங்கும் கச்சான் (நிலக்கடலை) இந்தக் கேக்குக்கு வெகு பொருத்தம், ஆனால் வறுத்துத் தோல் நீக்காமல் போட்டால் அது ஈரத்தில் ஊறிச் சவசவத்துவிடும்.

ஓவனில் 175 பாகை செல்சியஸ் சூட்டில், நீள் தட்டில் ஊற்றிய வாழைப்பழக் கேக்குக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம் எடுக்கும். மேற்புறம் சிவந்ததைக் கண்டு இறக்குவது பெருந்தவறு, ஏனெனில் பழச்சர்க்கரை வெகு சீக்கிரம் நிறமெடுக்கும். ஈர்க்கை நடுப்பகுதியில் குத்தி, ஈரமாவு ஒட்டாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேலும் கீழும் சிரட்டைத் தணல் போட்டுச் சுடும் வீடுகளில் மேல்தணல் எப்போதும் குறைவாக இருக்கட்டும்.

வாய்ப்பனைப் பொறுத்தவரை, கல்லுப்போல வருகிறது என்பதே பொதுவான முறைப்பாடு. அதன் காரணம் பெரும்பாலும் வரிசையில் இருக்கிறது. பழத்தையும் சீனியையும் பிசைந்த கையோடு மாவைப் போட்டால் கலவை முதலில் அளவாகத் தெரியும்; சீனி பழத்திலிருந்து நீரை இழுத்ததும் அது இளகும்; உடனே மேலும் மாவு, பிறகும் மாவு. பழத்தைச் சீனியோடும் ஒரு சிட்டிகை உப்போடும் பிசைந்து கால் மணிநேரம் வைத்தால், கிண்ணத்தின் ஓரத்தில் பாகுபோல நீர் மின்னுவதைக் காணலாம். அதன் பிறகு மாவைக் கைப்பிடியாகத் தூவ வேண்டும். கலவை விரலில் ஒட்டிக்கொண்டு, கிள்ளிப் போட்டால் மெதுவாக விழும் பதத்தில் இருக்க வேண்டுமே தவிர, உருட்டக்கூடிய உருண்டையாகக் கூடாது. எண்ணெய் புகையும் சூட்டில் இருந்தால் வெளிப்புறம் கருகி உள்ளே பச்சைமா நிற்கும். ஒரு துளியை விட்டுப் பார்த்தால் அது சற்று அமிழ்ந்து நிதானமாக மேலெழ வேண்டும். அதுவே சரியான சூடு. ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் சூடு தணிந்து வாய்ப்பன் எண்ணெய் குடிக்கும்.

பாயாசத்தில் பழத்தைக் கொதிக்கும் பாலோடு போட்டு நெடுநேரம் காய்ச்சுவதால் பால் திரிந்துவிடுகிறது. பழத்தை நெய்யில் பனங்கட்டியோடு முதலில் வதக்கி, தேங்காயின் முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்குவதே பாதுகாப்பான வழி.

உடனே செய்ய நேரமில்லாதவர்கள் பழத்தைப் பிரீசரில் வைக்கிறார்கள். தோலுடன் வைத்தால் உரிக்கப் படும் பாடு பெரிது. உரித்து, அளந்து, பையில் தட்டையாகப் பரப்பி வைப்பதே வசதி. உருகும்போது வடியும் நீரைக் கொட்டிவிடக் கூடாது, இனிப்பும் மணமும் அதில்தான் இருக்கின்றன. சிறு சட்டியில் வற்றவைத்து மசியலோடு சேர்த்துவிட வேண்டும். நீண்ட மின்தடையில் முழுதும் உருகிச் சூடேறிய பழத்தைத் திரும்ப உறையவைப்பதும் கூடாது.

கேக்கைச் சூட்டோடு சுற்றி மூடினால் ஆவி உள்ளே நீராகப் படிந்து, பூஞ்சணம் விரைவில் பிடிக்கும். கம்பித்தட்டில் முற்றாக ஆறவிட்டு மூட வேண்டும். ஈரம் மிகுந்த இந்தக் கேக் எங்கள் வெப்பத்தில் வெளியே இரண்டு நாட்களுக்கு மேல் தாங்காது. மாரி காலத்தில் இரண்டாம் நாளே அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நல்லது.