‘நீ ஹாவ் மா’வும் ‘நீ நலமா’வும்: ஒலி ஒத்த சொற்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனம் கற்கத் தொடங்கும் தமிழர்கள் பலரும் ஆரம்பப் பாடங்களிலேயே ஒரு வாக்கியத்தைக் கண்டு வியந்து நிற்பார்கள். ‘நீ ஹாவ் மா?’ நலமாக இருக்கிறாயா என்று பொருள். தமிழில் ‘நீ நலமா?’ முதலில் ‘நீ’, கடைசியில் ‘மா’, நடுவில் நலம். இது போதும், சீனமே தமிழிலிருந்து பிறந்தது என்று ஒரு வாட்ஸாப் செய்தி கிளம்பிவிடும்.

ஒற்றுமை அழகானதுதான். ஆனால் அதை உறவுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. ஏன் முடியாது என்று பொறுமையாகப் பார்த்தால், சொற்களின் பிறப்பைத் தேடும்போது வழக்கமாக எங்கே சறுக்குகிறோம் என்பது தெரிந்துவிடும். அதற்கு ‘மா’ என்ற ஓரெழுத்துச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தமிழின் தொன்மைக்கும் பரவலுக்கும் உண்மையான சான்றுகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பொய்ச் சான்றை வைத்தால், கேட்பவர் நல்லதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லைத் தப்பான இடத்தில் வெட்டுவது

‘நலமா’ என்பதைப் பிரித்தால் நலம் + ஆ. வினாவைச் சுமப்பது ‘ஆ’ மட்டும். ‘ம்’ நலத்துக்குச் சொந்தம். வந்தானா, பாலா, இதுவா என்று கேட்டுப் பாருங்கள், ‘மா’ எங்கேயும் இல்லை. ஆக, தமிழில் ‘மா’ என்றொரு வினாச்சொல்லே கிடையாது. நாமே வெட்டி உண்டாக்கிய துண்டைச் சீனத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

சீனப் பக்கமும் கதை வேறு. கன்ஃபூசியஸின் உரைகளில் கேள்விகள் ‘மா’வில் முடிவதில்லை. அங்கே வருவது, இன்றைய உச்சரிப்பில் ‘ஹூ’ எனப்படும் வேறொரு சொல். ‘மா’வுக்கு மூலமாகக் காட்டப்படுவது ‘இல்லை’ என்று பொருள்படும் பழைய சொல். தாங் காலக் கவிஞர் பை ஜூயி (772–846), பனி வரப்போகும் ஒரு மாலையில் நண்பனை மது அருந்த அழைத்து ஒரு சிறு பாடல் எழுதினார். ஒரு கோப்பை குடிக்க முடியுமா என்று கேட்கும் அதன் கடைசி அடி, அந்த ‘இல்லை’யில்தான் முடிகிறது. நாம் ‘வருவாயா இல்லையா’ என்று கேட்போமே, அதே போக்கு. அந்த ‘இல்லை’ காலப்போக்கில் தன் பொருளை இழந்து, வெறும் கேள்விக் குறியாக மெலிந்துதான் இன்றைய ‘மா’ ஆனது. இந்த வரலாற்றில் தமிழ் ‘ஆ’வுக்கு நுழைய இடமே இல்லை.

இன்றைய வடிவத்தை வைத்தே முடிவுகட்டுவது

இன்னும் வலுவாகத் தோன்றும் ஒற்றுமை ஒன்று உண்டு. சீனத்தில் குதிரைக்கு ‘மா’. பழந்தமிழில் ‘மா’ என்றால் விலங்கு. ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்கிறது தொல்காப்பியம். சங்கப் பாடல்களில் குதிரைக்கே ‘மா’ என்ற சொல் வருகிறது. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வந்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இவை இப்படித்தான் ஒலித்தனவா? சீனச் சொல்லின் பழைய வடிவத்தை அறிஞர்கள் ‘ம்ரா’ என்பதைப் போல மீட்டெடுக்கிறார்கள். அது வெறும் ஊகம் இல்லை. சீனத்தின் உறவு மொழியான பர்மியத்தில் குதிரைக்கான பழைய வடிவம் ‘ம்ரங்’. இன்று அதை ‘ம்யின்’ என்று உச்சரிக்கிறார்கள். இரண்டிலும் பழைய ரகரம் கரைந்துவிட்டது. தமிழ் ‘மா’வுக்குள் ரகரம் இருந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. பின்னோக்கிப் போகப் போக உறவுச் சொற்கள் ஒன்றையொன்று நெருங்கி வர வேண்டும். இவை விலகிப் போகின்றன.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் பேசப்பட்டு வந்த ம்பபரம் என்ற பழங்குடி மொழியில், நாய்க்கு ஆங்கிலத்தில் உள்ளது போலவே ‘டாக்’ என்று பெயர். 1960களில் அந்த மொழியைப் பதிவு செய்த மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்ஸன், பக்கத்து மொழிகளில் நாய்க்கு உள்ள சொற்களோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். யிடின் மொழியில் அது ‘குடக’. ம்பபரத்தில் சொற்களின் முதல் அசை உதிர்ந்துபோவது வழக்கம். அப்படித் தேய்ந்து தேய்ந்து ‘டாக்’கில் வந்து நின்றிருக்கிறது. ஆங்கிலத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அம்மா, அப்பாவைச் சான்றாக நிறுத்துவது

கொரிய மொழியிலும் தமிழிலும் அம்மா, அப்பா ஒன்றுபோல் இருப்பதைச் சொல்லாத காணொளியே இல்லை எனலாம். கொரியத்தில் ‘ஓம்மா’, ‘அப்பா’. ஆனால் ம, ப, த, அ ஆகிய ஒலிகள் குழந்தையின் வாயில் மிக முன்னதாக வருபவை. உதட்டை மூடித் திறந்தாலே ‘மா’ வந்துவிடுகிறது. தாயும் தந்தையும் அதைத் தங்களை அழைப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். தொடர்பே இல்லாத மொழிகளிலும் இந்தச் சொற்கள் ஒத்திருப்பது ஏன் என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960 வாக்கிலேயே விரிவாக விளக்கிவிட்டார். ஜார்ஜிய மொழியைப் பாருங்கள். அங்கே ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா. நமக்கு மாமா, தாய்மாமன். ஒலி ஒன்று, அதை யாருக்குச் சூட்டுவது என்பது அந்தந்த வீட்டு முடிவு.

கொரியத்தில் நாளுக்கு ‘நல்’, புல்லுக்கு ‘புல்’ என்பதையும் சிலர் காட்டுவார்கள். கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் மொழியியலாளர்கள் இன்று அந்த உறவை ஏற்பதில்லை. ஓரசைச் சொற்களைத் தேடினால் எந்த இரண்டு மொழிகளிலும் சில பொருந்தும். 20 மெய்யும் 5 உயிரும் உள்ள மொழியில் ஒரு மெய், ஓர் உயிர் சேர்ந்த அசைகள் 100தான். உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. ‘மா’ இரண்டு மொழிகளில் ஒத்துப்போவதில் வியப்பே இல்லை, ஒத்துப்போகாமல் இருந்தால்தான் வியக்க வேண்டும்.

நம் எழுத்தில் எழுதிவிட்டு ஒன்றென நினைப்பது

சீன ‘மா’ தொனிக்குத் தொனி வேறு சொல். ஒரே உயரத்தில் நீட்டினால் அம்மா, ஏற்றிச் சொன்னால் நார்ச்செடி, இறக்கி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுதல். நான்கையும் தமிழில் ‘மா’ என்றுதான் எழுதுவோம். அரபியில் ‘மா’ என்றால் ‘என்ன’, ‘இல்லை’. தண்ணீரும் கிட்டத்தட்ட ‘மா’தான், ஆனால் முடிவில் தொண்டையில் ஓர் அடைப்பு உண்டு. ஒப்பிடுவதற்கு முன் அந்த மொழிக்காரரின் உச்சரிப்பைக் காதால் கேட்டுவிடுவது நல்லது.

தமிழுக்குள்ளேயே எல்லா ‘மா’வையும் ஒன்றாக்குவது

இது அதிகம் பேசப்படாத தவறு. மா மரம் வேறு, விலங்கைக் குறிக்கும் மா வேறு. யாழ்ப்பாணத்தில் ‘அரிசி மா’ என்பார்களே, தமிழ்நாட்டில் நாம் மாவு என்கிற அது வேறு. கருமை என்ற பொருளிலும் மா உண்டு. மாயோன் என்றால் கருநிறத்தவன், மாயைக்கும் அவனுக்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை. ‘பெரிய’ என்ற பொருளில் வரும் மாவை வடமொழி ‘மஹா’வின் சுருக்கம் என்பவர்களும் உண்டு, தமிழ் உரிச்சொல்லே என்பவர்களும் உண்டு. இப்படி ஒரே வடிவத்தில் வந்து சேர்ந்த பல சொற்களை ஒரே வேரில் கட்ட முயன்றால், மாம்பழமும் யானையும் கருமையும் ‘பெருமை’யில் பிறந்தன என்பது போன்ற விளக்கங்கள் வரும். கேட்க இனிமையாக இருக்கும், காட்டுவதற்குச் சான்று இருக்காது.

நில அளவு ‘மா’ இதில் இன்னொரு பாடம். தஞ்சைப் பக்கத்தில் இன்றும் ‘ரெண்டு மா நிலம்’ என்பார்கள். ஒரு மா சுமார் 33 சென்ட். பின்லாந்து மொழியில் நிலத்துக்கே ‘மா’ என்றுதான் பெயர். உடனே கோடு போட்டு இணைக்கத் தோன்றும். ஆனால் தமிழ் ‘மா’ நிலத்தின் பெயரே அல்ல, இருபதில் ஒரு பங்கு என்னும் பின்னம். இருமா என்றால் பத்தில் ஒன்று, நாலுமா என்றால் ஐந்தில் ஒன்று. வேலி என்னும் பெரிய நில அளவில் இருபதில் ஒரு பங்காக இருப்பதால்தான் அந்த நிலத்துக்கு மா என்று பெயர். பொருளின் மூலத்தைப் பார்க்காமல் இன்று அது ஒட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தால் பின்லாந்துக்குப் போய்விடுவோம்.

உண்மையான உறவு எப்படி இருக்கும்?

பெரும்பாலும் முகம் தெரியாமல் இருக்கும். தெலுங்கில் ‘மா’ என்றால் எங்கள். அதன் தமிழ் உறவு நம் ‘மா’ எதுவும் இல்லை, ‘எம்’. நம்பக் கடினமாக இருந்தால் இந்த வரிசையைப் பாருங்கள்: உரல் தெலுங்கில் ‘ரோலு’, உள் ‘லோ’, இரண்டு ‘ரெண்டு’, அவன் ‘வாடு’. தமிழில் உயிரெழுத்தில் தொடங்குகிற சொல், தெலுங்கில் அந்த உயிரை முன்னிருந்து நகர்த்திவிட்டு மெய்யில் தொடங்குகிறது. எம் ‘மா’ ஆனதும் இதே போக்கில்தான். ஒரு சொல்லில் நடந்தால் தற்செயல் எனலாம், சொல்லுக்குச் சொல் நடந்தால் அதற்கு விதி இருக்கிறது. எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் திராவிட மொழிகளின் உறவை எடுத்துக்காட்டியதற்குப் பின்னால் இத்தகைய ஒப்பீடுதான் இருக்கிறது.

ஐரோப்பாவிலும் அப்படியே. இத்தாலியத்தில் ‘மா’ என்றால் ஆனால். அது லத்தீன் ‘மாகிஸ்’, அதாவது ‘மேலும்’ என்பதன் தேய்ந்த வடிவம். அந்த வேரைப் பிடித்துப் போனால் கிரேக்க ‘மெகாஸ்’, ஆங்கில ‘மச்’, வடமொழி ‘மஹா’ எல்லாம் ஒரே குடும்பம். ‘ஆனால்’ என்ற சொல்லும் ‘மஹா’வும் உறவினர் என்று ஒலியைக் கேட்டோ பொருளைப் பார்த்தோ யாரால் சொல்ல முடியும்? அதே நேரம், ‘செய்யாதே’ என்று தடுக்கும் வடமொழி ‘மா’வும், ‘இல்லை’ என்று மறுக்கும் அரபி ‘மா’வும் ஒலியிலும் பொருளிலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, ஆனால் உறவு இல்லை. வடமொழி ‘மா’வின் உறவு கிரேக்க ‘மே’.

கடன் வாங்கியதை உறவென்று சொல்வது

மாங்காயின் பயணம் உண்மையானது. தமிழ், மலையாளச் சொல்லைப் போர்த்துகீசியர் மேற்குக் கரையில் கேட்டு ‘மங்கா’ என்று எடுத்துப் போனார்கள், ஆங்கிலத்தில் அது மேங்கோ ஆனது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். 1510இல் வெளியான இத்தாலியப் பயணி வர்தேமாவின் நூலிலேயே ‘மங்கா’ என்ற பெயர் இருக்கிறது. யார், எப்போது, எந்தத் துறைமுகத்தில் என்று காட்ட முடிகிறது. அதனால்தான் எந்த ஆங்கில அகராதியும் இதை மறுப்பதில்லை. ஆனால் இது கடன், குடும்ப உறவு இல்லை. மேங்கோவைக் காட்டி ஆங்கிலம் தமிழிலிருந்து பிறந்தது என்றால், தமிழில் உள்ள ஜன்னலையும் அலமாரியையும் காட்டி ஒரு போர்த்துகீசியர் என்ன சொல்வார்?

கடைசியாக, காசு. ‘கேஷ்’ தமிழ்ச் சொல் என்பவரும் இல்லவே இல்லை என்பவரும் ஓயாமல் சண்டையிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு சொற்கள். கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் வழியாக லத்தீன் ‘காப்ஸா’வுக்குப் போகிறது. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, போர்த்துகீசிய ‘காய்ஷா’ வழியாக நம் காசுக்கு வருகிறது. நல்ல அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே தருகின்றன. கடையில் ‘கேஷா, கார்டா’ என்று கேட்கும்போது வருவது முதல் சொல். தமிழ்ச் சொல்லைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு அடுத்த பதிவைப் படிக்க வேண்டும்.

இப்படிச் சரிபார்க்க இன்று பெரிய நூலகம் தேவையில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சொல்லைத் தட்டினால் கன்னடம், துளு, கோண்டி வரை அதன் உறவுகள் வரிசையாக வந்து நிற்கும். சீனத்துக்கும் கொரியாவுக்கும் போவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.