ஆச்சி எல்லாம் பாட்டி இல்லை: செட்டிநாட்டுப் பேச்சைத் திருத்தப்போய் நாம் செய்கிற தவறுகள்

நான் நெல்லைப் பக்கத்துக்காரன். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில், ஒரு பையன் மூன்று நாளாக வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிறானே என்று அவன் அப்பாவுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு எங்க ஆச்சி வருவாக சார், அவுககிட்டப் பேசுங்க" என்றார். எங்கள் ஊரில் ஆச்சி என்றால் பாட்டி. வயதானவரை மாடிப்படி ஏறவைக்கக் கூடாதே என்று வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, ஒரு செம்பு தண்ணீரும் வைத்துக் காத்திருந்தேன். ஸ்கூட்டியில் வந்து இறங்கிய பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பையனுடைய அத்தை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் அக்காவை ஆச்சி என்பார்கள், கல்யாணமான பெண் யாரையும் மரியாதையாகச் சொல்வதும் ஆச்சி என்றுதான். "வெளியில எதுக்கு சார் நாற்காலி?" என்று கேட்டார். வெயிலுக்கு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

மனோரமாவை ஏன் ஆச்சி என்று கூப்பிட்டார்கள் என்று வகுப்பில் கேட்டால் இன்றைக்கும் பாதிப் பேர் "பாட்டியா நடிச்சதால" என்கிறார்கள். அவர் வளர்ந்தது இங்கே இருக்கிற பள்ளத்தூரில், நாடக மேடையில் அவருக்குப் பெயரே பள்ளத்தூர் பாப்பா. ஆச்சி என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் வயது கிடையாது என்பது தெரிந்தால் அந்தக் கேள்வியே வராது.

என் தவறு ஒரு நாற்காலியோடு போயிற்று. இதையே பத்திரிகையும் வீடியோவும் பாடப்புத்தகமும் செய்யும்போது வீட்டு உறவே மாறிப்போகிறது. அப்படிப்பட்ட தவறுகளில் நான் பார்த்தவையும் செய்தவையும் கீழே.

பிள்ளை வாயில் இருக்கிற சொல்லைப் பிடுங்கிவிட்டு 'பாட்டி'யை வைப்பது

இதை நானே செய்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் "விடுமுறையில் எங்கே போனாய்" என்று எழுதச் சொன்னேன். ஒரு பெண் "ஆயா வீட்டுக்குப் போனேன், ஆயா கந்தரப்பம் சுட்டுக் கொடுத்தாக" என்று எழுதியிருந்தாள். நான் அதைச் சத்தமாக வாசித்ததும் வகுப்பில் வெளியூரிலிருந்து வந்து படிக்கிற நாலைந்து பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பால்வாடிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாவும் ஆயாதானே, அந்த ஆயா வீட்டுக்கா போனாள் என்று. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பிள்ளையையே விளக்கச் சொல்லியிருக்க வேண்டும். செய்ததோ, ஆயாவைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு மேலே 'பாட்டி' என்று எழுதிக் கொடுத்தது.

இங்கே அம்மாவைப் பெற்றவர் ஆயா, அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா. இரண்டு பேர், இரண்டு வீடு, இரண்டு முறை. பேத்தி சடங்குக்கும் கல்யாணத்துக்கும் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிரிவில்தான் நிற்கிறது. பாட்டி என்று ஒரே சொல்லில் போட்டுவிட்டால் அந்தப் பெண் எந்த வீட்டுக்குப் போனாள் என்பதே கட்டுரையில் இல்லாமல் போகிறது. பதினொரு வயதுப் பிள்ளை துல்லியமாக எழுதியதை, தமிழ் படித்த நான் மழுங்கடித்துக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் அந்தப் பெண் எந்தக் கட்டுரையிலும் ஆயாவைக் கொண்டுவரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

'வந்தாக' கொச்சை, 'வந்தாங்க' நல்ல தமிழ் என்று நினைப்பது

வாத்தியார்கள், டப்பிங் பேசுகிறவர்கள், வீடியோவுக்குக் கீழே வரி போடுகிறவர்கள் என்று எல்லாரிடமும் இது இருக்கிறது. "அவுக வந்தாக" என்று பிள்ளை சொன்னால் "ஒழுங்காப் பேசு, அவங்க வந்தாங்கன்னு சொல்லு" என்போம். எழுத்துத் தமிழில் இருப்பது 'வந்தார்கள்'. அதிலிருந்து வாய் சுருக்கிக்கொண்டதுதான் வந்தாங்க, அதே வந்தார்களிடமிருந்து இன்னொரு பக்கமாகச் சுருங்கி வந்ததுதான் வந்தாக. எங்கள் நெல்லையில் வந்தாவ என்போம். மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், இதில் ஒன்றை மட்டும் படித்த பிள்ளை என்று எப்படிச் சொல்வது? பேச்சுத் தமிழைத் திருத்துகிறேன் என்று இன்னொரு ஊர்ப் பேச்சுத் தமிழைத்தான் கொடுக்கிறோம். எழுதும்போது வந்தார்கள் என்று எழுதச் சொல்லிக் கொடுங்கள், அது சரி, அது நம் வேலை.

"சாப்டீகளா", "போறீகளா" என்பதில் இருக்கிற மரியாதை 'சாப்டீங்களா'வில் இருக்கிற அதே மரியாதைதான். ஆனால் சினிமாவிலும் சீரியலிலும் பாருங்கள், கதாநாயகன் பட்டணத்துத் தமிழ் பேசுவான், வேலைக்காரரும் சிரிப்பு நடிகரும் மட்டும் 'வந்தாக போனாக' என்பார்கள். பத்து வருடம் இதையே பார்க்கிற பிள்ளைக்குத் தன் வீட்டு மரியாதைப் பேச்சு சிரிப்பு மூட்டுகிற பேச்சாகத் தெரியாமல் வேறென்ன செய்யும்?

தெரிந்த சொல்தானே என்று கடந்து போவது

தெரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். ஆபத்து தெரிந்த சொல்லில்தான்.

ஒரு வீடியோக் குழுவுக்கு ஊர் சுற்றிக் காட்டப் போயிருந்தேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் எண்பது வயதை நெருங்கிய ஆச்சி ஒருவர், தூணில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் "மூத்தவனுக்குக் கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசத்துல வேறு வச்சோம்" என்றார். வீடியோ வெளிவந்தபோது முகப்புப் படத்தில் அவர் கண்ணைத் துடைக்கிற ஒரு நொடியைப் பிடித்துப் போட்டு, "கல்யாணமான ஆறே மாதத்தில் மகனை வீட்டைவிட்டு அனுப்பிய தாய்!" என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். அவர் கண்ணைத் துடைத்தது கேமராக்காரர்கள் போட்ட விளக்கு கூசியதால். பக்கத்தில்தான் நின்றேன்.

வேறு வைப்பது என்பது சண்டையும் இல்லை, வீட்டைவிட்டு அனுப்புவதும் இல்லை. கல்யாணமான மகனுக்கும் மருமகளுக்கும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனியாக அரிசி பருப்பு, வருடத்துக்கு இவ்வளவு என்று செலவுக்குப் பணம் எல்லாம் கொடுத்துத் தனிக் குடும்பமாக்கிவிடுகிற முறை. வீட்டுக் கட்டுமானத்திலேயே இது தெரியும். முகப்பைத் தாண்டி உள்ளே போனால் நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. பின்கட்டுக்குப் போனால் அடுப்புகளும் அதே மாதிரி தனித்தனி. கூரை ஒன்று, அடுப்பு பல. 'கூட்டுக் குடும்பம்', 'தனிக்குடித்தனம்' என்று பாடப்புத்தகத்தில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறோமே, இந்த வீடு அதில் எதிலும் அடங்காது. சமூக அறிவியல் வகுப்பில் பிள்ளைகள் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டால், நடுவில் கோடு போட்டு எழுது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

(இந்த வளவு என்ற சொல்லே என்னை ஏமாற்றியிருக்கிறது. எங்கள் ஊரில் வளவு என்றால் ஒரு முற்றத்தை ஒட்டி வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகள். "எங்க வளவுல ஆயிரம் பேர் சாப்டாக" என்று ஒருவர் சொன்னபோது தெருவையே சொல்கிறார் என்று நினைத்தேன்.)

புள்ளியும் இப்படித்தான். செய்தித்தாளில் 'முக்கியப் புள்ளி கைது' என்று வரும். இங்கே கோயில் நோட்டீஸில் 'புள்ளி ஒன்றுக்கு இவ்வளவு' என்று வந்தால், கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. இருபத்திரண்டு வயதில் கல்யாணம் முடித்தவன் புள்ளி, நாற்பது வயதுப் பிரம்மச்சாரி புள்ளியே இல்லை. இது தெரியாமல் புள்ளிக் கணக்கை எடுத்து 'ஊர் மக்கள்தொகை' என்று எழுதினால் பிள்ளைகுட்டிகள் பூராவும் காணாமல் போவார்கள்.

தத்தெடுப்பதைப் பிள்ளை கூட்டுவது என்பார்கள். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன், காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை கூட்டப்பட்டு நாராயணன் ஆனவர். 'அனாதைக் குழந்தையைத் தத்தெடுத்தார்கள்' என்ற வார்ப்பில் இதை எழுதினால் தப்பு. பெற்றவர்கள் இருக்க, ஊர் அறிய, வாரிசு இல்லாத வீட்டுக்குப் பிள்ளையைக் கொடுப்பது இது.

விலாசத்தை முகவரி என்று படிப்பது, இனிஷியலைக் குலைப்பது

பள்ளி விண்ணப்பத்தில் 'விலாசம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பழைய நகரத்தார் வழக்கில் விலாசம் என்றால் தெருப்பெயர் இல்லை, அந்தக் குடும்பத்தின், கடையின் இனிஷியல் வரிசை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன காலத்தில், கடிதத்திலும் கணக்கிலும் அந்த எழுத்துகள்தான் ஆளைச் சொல்லும். தாத்தா, அப்பா என்று தலைமுறையே அதில் வரிசை கட்டி நிற்கும்.

இதில் பத்திரிகைக்காரர்கள் செய்கிற தவறு வேடிக்கையானது. ஆங்கிலத்தில் 'ஆர்எம்' என்று இரண்டு எழுத்து சேர்த்துப் போட்டிருப்பது 'ராம.' என்ற ஒரே பெயரின் சுருக்கம், அதாவது ராமநாதனோ ராமசாமியோ ஒருவர். அதைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர் 'ஆர்.எம்.' என்று புள்ளி வைத்துப் பிரித்துவிட்டால் ஒரு அப்பா இரண்டு ஆளாகிவிடுவார். 'பழ.', 'சுப.', 'அரு.', 'மெய்.' எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ராயவரத்தில் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பெயரைக் கரும்பலகையில் எழுதினால் "ஏன் சார் அழச் சொல்றாக?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அழகப்பன் மகன் என்று சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கணினியில் பெயர் ஏற்றும்போது இனிஷியலுக்கு ஒரு எழுத்துதான் இடம் என்று வந்தால், பெற்றவரைக் கேட்காமல் நாமாக வெட்டாமல் இருந்தாலே போதும், பின்னால் சான்றிதழில் பெயர் மாற்ற அலைகிறவர்களைப் பார்த்தால் புரியும்.

எல்லாவற்றையும் பழந்தமிழ் ஆக்குவதும், எல்லாவற்றையும் ஒரே சாதிக்கு எழுதிவைப்பதும்

கருப்பாக, வெந்தால் ஒட்டுகிற கவுனி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னர்கள் மட்டும் சாப்பிட்ட ஆதித் தமிழர் அரிசி என்று ஒரு கதை சுற்றுகிறது. சீனத்துக் கருப்பரிசிக்குச் சொல்கிற ராஜா கதையை இதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள். பர்மிய மொழியில் ஒட்டும் அரிசிக்குப் பெயர் 'கவுக்ஞின்'. பர்மாவில் கடை வைத்திருந்தவர்களின் வீட்டுக் கல்யாணத்தில் கவுனி பரிமாறப்படுகிறது என்றால், அந்தச் சொல் எந்தக் கப்பலில் வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வந்த சொல்லை வந்த சொல் என்று சொல்வதில் என்ன குறைச்சல்?

மண்டிக்கு நேர் எதிரான கஷ்டம். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வெண்டைக்காய் போட்டுச் செய்கிற மண்டியைப் பற்றி ஒரு மாணவன் எழுதினால், இப்போது படிக்கிறவர் அரபு நாட்டுப் பிரியாணி என்று நினைக்கிறார், வயதானவராக இருந்தால் காய்கறி மொத்தக் கடை என்று நினைக்கிறார். அடியில் தங்குகிற கசடுக்கு மண்டி என்ற பழைய பொருள் தமிழில் இருக்கிறது, கெட்டியாக மண்டி நிற்கிற அந்தத் தண்ணீரை வைத்துத்தான் குழம்புக்கும் பெயர்.

அப்புறம், செட்டிநாடு என்றாலே நகரத்தார் மட்டும்தான் என்று எழுதுவது. அப்பத்தா, ஐயா, ஆத்தா எல்லாம் இந்தப் பக்கத்துப் பல சாதிக்காரர்களுக்கும் பொது. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கல் வார்க்கிறவர், கண்டாங்கி நெய்கிறவர், பனை ஓலையில் கொட்டான் முடைகிற பெண்கள், மேங்கோப்பு (கூரை மரவேலை) ஏற்றின ஆசாரி என்று அவர்கள் தொழிலிலும் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. கேமரா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. வளவுத் தூணை மட்டும் எத்தனை முறைதான் எடுப்பது?

இன்னொன்று, வியாபாரிகள் ஊர், இங்கே ஏது இலக்கியம், பத்திரிகை என்ற பேச்சு. காரைக்குடியில் 1917இல் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919இல் பாரதியார் வந்திருக்கிறார். ராய. சொக்கலிங்கன் 'ஊழியன்' நடத்தினார், சொ. முருகப்பா 'குமரன்' நடத்தினார், 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கினார். அவர்கள் வீட்டில் அப்பச்சி, ஆத்தா என்று பேசிக்கொண்டேதான் அச்சில் அந்தத் தமிழையும் எழுதினார்கள்.

சரி, எப்படித்தான் செய்வது

வீடியோவுக்கு எழுத்துப் போடுகிறவர்கள் சொல்லை மாற்றாதீர்கள். 'வேறு வைத்தோம்' என்றே போட்டுவிட்டு, முதல் தடவை மட்டும் பக்கத்தில் அரை வரி விளக்கம் கொடுங்கள். பேசினவரிடமே ஒரு தடவை "நீங்க எந்த அர்த்தத்துல சொன்னீக?" என்று கேளுங்கள், இரண்டு நிமிட வேலை. பேட்டி எடுக்கும்போது உறவுச் சொல் வந்தால் யாருக்கு யார் என்று வயதோடு குறித்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்த நாற்காலி மிச்சமாகியிருக்கும்.

வகுப்பில் நான் இப்போது சிவப்பு மை வைப்பதில்லை. பிள்ளை ஆயா என்று எழுதினால் ஓரத்தில் பென்சிலில் 'அம்மாவின் அம்மா, பொதுத் தமிழில் பாட்டி' என்று மட்டும் எழுதுகிறேன். பரீட்சையில் எது கேட்பார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. போன மாதம் ஒரு பையன் அந்தப் பென்சில் வரியின் கீழேயே பதில் எழுதியிருந்தான்: "சார், எனக்கு ரெண்டு பாட்டி. இது ஆயா."