முந்நூற்றி நாலு தெரிந்த ஆட்களுக்கு கசினோ கடதாசி

ஞாயிறு பின்னேரம் எங்கள் விறாந்தையில் நான்கு கதிரை போட்டால் முந்நூற்றி நாலு என்ற நம் ஊர்க் கடதாசி விளையாட்டு தொடங்கிவிடும். திருகோணமலை உப்புவெளியில் இதை யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் போன மாதம் மருமகன் வந்து, கொழும்பில் ஒரு கலியாணம், அது முடிய பெடியங்கள் கசினோவுக்குக் கூப்பிடுகிறார்கள், அங்கே என்ன விளையாடுவது மாமா என்று கேட்டான். திருகோணமலையில் கசினோ கிடையாது, கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர் ஊற்றும் கோட்டைக்குள் திரியும் மான்களும்தான் நமக்கு. ஆனால் நான் ஒரு தரம் போய் நன்றாக அடிவாங்கி வந்தவன். அதனால் அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். முந்நூற்றி நாலில் உங்களுக்கு எதிரே கூட்டாளி இருக்கிறார், கேள்வி கேட்கலாம், அதாவது ஏலம் கூறலாம், துரும்பை ஒளித்து வைக்கலாம், எதிராளி முகத்தைப் பார்த்து அவரிடம் என்ன இருக்கிறது என்று மணம் பிடிக்கலாம். கசினோ மேசையில் இது ஒன்றும் இல்லை. கசினோவுக்காகத் தாள் போடும் டீலர் யோசிப்பதே இல்லை, அவர் எப்போது தாள் எடுக்க வேண்டும் எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு 30 புள்ளி தரும் ஜாக்கி அங்கே ஒரு மேசையில் வெறும் 10, அடுத்த மேசையில் பூச்சியம். அப்படியானால் கெட்டித்தனம் எங்கே காட்டுவது? எந்த மேசை எவ்வளவு பிடுங்கும் என்று தெரிந்து உட்காருவதில்தான். ஒவ்வொரு விளையாட்டிலும் நீங்கள் வைக்கும் காசில் ஒரு சதவீதம் நாளடைவில் கசினோவுக்குப் போகும்படி கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதை நான் மேசைப் பங்கு என்று சொல்வேன்.

பிளக்ஜாக்கில் தொடங்குவோம், பேசுவதற்கு அதில்தான் நிறைய இருக்கிறது. 2 முதல் 10 வரை தாளில் உள்ள எண்தான் மதிப்பு, ஜாக்கி, ராணி, ராசா மூன்றும் 10, ஆசு 1 ஆகவும் இருக்கலாம் 11 ஆகவும் இருக்கலாம். நிறத்தைப் பார்க்கவே வேண்டாம். உங்களுக்கு இரண்டு தாள், டீலருக்கு ஒன்று திறந்தபடி. 21ஐத் தாண்டாமல் டீலரைவிடக் கூட வர வேண்டும். தாண்டினால் அந்த நிமிடமே உங்கள் காசு போய்விடும், பிறகு டீலரும் தாண்டினால்கூடத் திரும்பி வராது. மேசைப் பங்கு முழுக்க இந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது: இரண்டு பேரும் தாண்டினால் தோற்பது நீங்கள் மட்டும்.

டீலர் 16 வரை எடுத்தே தீர வேண்டும், 17க்கு நிறுத்த வேண்டும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய திறந்த தாளை. அது 4, 5, 6 என்றால் அவர் பாடு கஷ்டம். 6 திறந்திருந்தால் 100க்கு 42 தரம் போல அவர் தாண்டிவிடுவார். அந்த நேரத்தில் உங்கள் கையில் 12 இருந்தாலும் சும்மா இருங்கள், அவர் விழட்டும். 13 முதல் 16 வரை வைத்திருந்தால் டீலரின் 2க்கும் 3க்கும் எதிராகவும் அசையாதீர்கள், 12 என்றால் மட்டும் அந்த இரண்டுக்கும் எதிராக ஒரு தாள் எடுக்கலாம். டீலரிடம் 7 முதல் ஆசு வரை ஏதாவது இருந்தால் கதை வேறு, 17 வரும்வரை நீங்கள் எடுக்க வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். உங்களிடம் 16, டீலரிடம் 10. கை நடுங்கும், இன்னொன்று எடுத்தால் தாண்டிவிடுவோமே என்று தோன்றும். நானும் அன்று நின்றேன், நின்று நின்று தோற்றேன். 10 திறந்திருக்கும் டீலர் தாண்டுவது ஏறத்தாழ ஐந்து தரத்துக்கு ஒரு தரம்தான், அதை நம்பி இருப்பதைவிட ஒரு தாள் எடுப்பது கொஞ்சம் நல்லது. கவனியுங்கள், கொஞ்சம்தான். இரண்டு வழியிலும் கூடுதலாகத் தோற்கத்தான் போகிறீர்கள், எடுத்தால் தோல்வி சற்றுக் குறையும், அவ்வளவே.

கையில் 11 வந்தால் டபுள், அதாவது பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு தாள் வாங்குவது. 10 வந்தால் டீலரிடம் 9 வரை டபுள் போடலாம். ஒரு எச்சரிக்கை: சில மேசைகளில் டீலர் தன் இரண்டாவது தாளைக் கடைசியில்தான் எடுப்பார். அங்கே அவரிடம் 10 அல்லது ஆசு இருக்கும்போது நீங்கள் டபுள் போட்டு, அவருக்குப் பிளக்ஜாக் வந்துவிட்டால் இரண்டு பங்கும் சேர்த்துப் போகலாம், உட்கார முதல் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மதிப்பில் இரண்டு தாள் வந்தால் பிரித்து இரண்டு கையாக விளையாடலாம். ஆசு இரண்டையும் எப்போதும் பிரியுங்கள், 8 இரண்டு வந்தால் அது 16 என்ற கேடு கெட்ட எண், அதையும் பிரியுங்கள். இரண்டு 10ஐப் பிரிக்காதீர்கள், கையில் இருக்கும் 20ஐ ஏன் கெடுக்க வேண்டும்? இரண்டு 5ஐயும் பிரிக்காமல் 10 என்றே வைத்து விளையாடுங்கள். ஆசும் 6ம் சேர்ந்த 17 உண்மையில் 17 அல்ல, அதில் ஒரு தாள் எடுத்தால் தாண்டவே முடியாது, எனவே நிறுத்தாதீர்கள்.

இவை என் மூளையில் உதித்தவை அல்ல. அமெரிக்க இராணுவத்தில் இருந்த நான்கு பேர் மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்துத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து 1956இல் வெளியிட்ட முறையை ஒட்டியவை. நல்ல சட்டமுள்ள மேசையில் இப்படி விளையாடினால் மேசைப் பங்கு அரைச் சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். மனதுக்குத் தோன்றியபடி விளையாடினால் பல மடங்காகும்.

நல்ல சட்டம் என்றேனே, அதுதான் எனக்கு அன்று தெரியாமல் போனது. முதல் இரண்டு தாளிலேயே ஆசும் 10ம் வந்தால் அது பிளக்ஜாக். அதற்கு 3க்கு 2 கொடுக்க வேண்டும், 1,000 ரூபாய் வைத்தால் 1,500 இலாபம். நான் உட்கார்ந்த மேசையில் 6க்கு 5, அதாவது 1,200 மட்டும். துணியிலேயே எழுதியிருந்தது, நான்தான் வாசிக்கவில்லை. 6 பெரிய எண்ணாக இருக்கிறதே, இது நல்லதாக்கும் என்று வேறு நினைத்தேன்! 21 கைக்கு ஒரு தரம் போல பிளக்ஜாக் வரும். ஒவ்வொரு தரமும் 300 ரூபாய் குறைந்தால் மேசைப் பங்கில் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் ஏறிவிடுகிறது. அப்படி எழுதியிருந்தால் உட்கார வேண்டாம், எழும்பிப் போங்கள்.

டீலரிடம் ஆசு திறந்திருந்தால் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பார். வேண்டாம். அது டீலருக்குப் பிளக்ஜாக் வரும் என்று வைக்கும், 2க்கு 1, அதாவது வைத்ததைப் போல இரண்டு மடங்கு இலாபம் கொடுக்கும் தனிப் பந்தயம், மூன்று தரத்தில் ஒரு தரமாவது அவரிடம் 10 இருந்தால்தான் கட்டும். ஒரு கட்டுக் கடதாசியை வைத்து எண்ணிப் பாருங்கள், டீலரின் ஆசு போக மிச்சம் 51 தாளில் 10 மதிப்புள்ளவை 16, அது மூன்றில் ஒன்றுக்குக் குறைவு.

கை பழக்கமும் முக்கியம். நான் முந்நூற்றி நாலு நினைப்பில் தாளைத் தூக்கி விசிறி மாதிரி பிடிக்கப் போய், டீலர் கையைக் காட்டி நிறுத்தினார், பக்கத்தில் இருந்த மச்சான் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தாள் திறந்து கிடந்தால் தொடக்கூடாது. தாள் வேண்டுமென்றால் விரலால் மேசையைத் தட்டுங்கள், வேண்டாமென்றால் உள்ளங்கையை மேசைக்கு மேலே கிடையாக அசைத்துக் காட்டுங்கள். காசைக் கையில் கொடுக்காமல் மேசையில் வையுங்கள், அதற்குப் பதிலாகச் சிப்ஸ் என்ற வில்லைகளை எண்ணித் தருவார்கள். தாள் வரத் தொடங்கிய பிறகு வைத்த சிப்ஸில் கை வைக்காதீர்கள். போனையும் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

அடுத்தது பக்கரா. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உலகத்திலேயே சோம்பேறிக்கு ஏற்ற விளையாட்டு இது. பிளேயர், பாங்கர் என்று இரண்டு பக்கம். அவை வெறும் பெயர், நீங்கள் பிளேயரும் இல்லை, கசினோ பாங்கரும் இல்லை. எந்தப் பக்கம் 9க்குக் கிட்ட வரும் என்று காசு வைக்கிறீர்கள், மற்றதெல்லாம் டீலர் பார்த்துக்கொள்வார். ஆசு 1, 10ம் படத்தாள்களும் பூச்சியம், கூட்டி வருவதில் கடைசி எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். 7ம் 8ம் சேர்ந்தால் 15, ஆகவே 5. இரண்டு தாளில் 8 அல்லது 9 வந்தால் அதோடு முடிந்தது. இல்லாவிட்டால் பிளேயர் பக்கம் 5 வரை மூன்றாவது தாள் எடுக்கும், 6, 7 என்றால் நிற்கும். பாங்கர் பக்கத்துச் சட்டம் கொஞ்சம் நீளம், பிளேயர் எடுத்த மூன்றாவது தாளைப் பார்த்து மாறும், அதைப் பாடமாக்க வேண்டியதில்லை.

கடைசியில் எடுப்பதால் பாங்கர் பக்கம் கொஞ்சம் கூட வெல்லும், அதனால்தான் அதில் வென்றால் 5 சதவீதம் கழிப்பார்கள். கழித்த பிறகும் பாங்கரின் மேசைப் பங்கு 1.06 சதவீதம், பிளேயருக்கு 1.24. டை என்று மூன்றாவது கட்டம் ஒன்று இருக்கும், 8 மடங்கு தருகிறோம் என்று ஆசை காட்டும், அதன் பங்கு 14 சதவீதத்துக்கு மேல். ரூபாயில் பார்ப்போம்: ஒரு கைக்கு 1,000 வைத்து 60 கை விளையாடினால் பாங்கரில் சராசரியாக 600 சொச்சம் போகும், டையில் 8,600 போகும்.

மேசைக்கு மேலே சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் போட்ட பலகை தொங்கும், ஆட்கள் பஞ்சாங்கம் பார்ப்பது போல அதைப் பார்த்து, பாங்கர் ஆறு தரம் வந்துவிட்டது இனிப் பிளேயர்தான் என்பார்கள். தாளுக்கு ஞாபகம் கிடையாது. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

டிராகன் டைகர் பக்கராவின் குட்டித் தம்பி. இரண்டு பக்கமும் ஒரு ஒரு தாள், பெரியது வெல்லும், ஆசுதான் எல்லாவற்றிலும் சிறியது. சமமாக வந்தால் உங்கள் காசில் பாதி போய்விடும், அதனால் பங்கு 3.7 சதவீதம் அளவில் நிற்கிறது. கையும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதால் பக்கராவைவிட வேகமாகப் பை காலியாகும். இதிலும் டை கட்டம் உண்டு, 8 மடங்குதான், ஆனால் பங்கு 32 சதவீதத்தைத் தாண்டும். ஏன் ஆட்கள் அதில் வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தியப் பயணிகள் கூடும் மேசைகளில் தீன் பத்தி என்ற மூன்று தாள் விளையாட்டு இருக்கும், அதற்குச் சொந்தக்காரன் மாதிரி மூன்று தாள் போக்கரும் இருக்கும். மூன்று தாளில் ஒரே எண் மூன்று மேலே, அடுத்து ஒரே நிறத்தில் (சிவப்பு கறுப்பு அல்ல, ஆட்டின், டைமன் போல ஒரே இனத்தில்) வரிசை, பிறகு வரிசை, பிறகு ஒரே நிறம், சோடி, கடைசியில் பெரிய தாள். ஐந்து தாள் போக்கர் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும், அங்கே ஒரே நிறம் வரிசையை வெல்லும், இங்கே வரிசைதான் பெரியது. காரணம் எளிது: மூன்று தாளில் வரக்கூடிய 22,100 கைகளில் வரிசை 720, ஒரே நிறம் 1,096, அரிதானது மேலே. மூன்று தாள் போக்கரில் முதலில் ஆன்டி என்ற தொடக்கப் பந்தயம் வைத்து, தாளைப் பார்த்து, அதே அளவு இன்னொரு பந்தயம் வைக்கலாம் அல்லது கையை விட்டுவிடலாம். நினைவில் வைக்க ஒரே சட்டம்: ராணி, 6, 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் வையுங்கள், குறைந்தால் விடுங்கள். டீலருக்கு ராணி கூட வராவிட்டால் ஆன்டிக்கு மட்டும் காசு தருவார், இரண்டாவது பந்தயம் அப்படியே திரும்பும்.

முந்நூற்றி நாலு மூளை உண்மையில் உதவுவது ஹோல்டெம் போக்கர் மேசையில். அங்கே ஆட்கள் ஒருவருக்கொருவர் விளையாடுகிறார்கள், கசினோ ஒவ்வொரு கையிலும் ஒரு கழிவை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் முகம் பார்க்கத் தெரிந்தவர்கள், முதல் நாளே போய்க் குந்த வேண்டாம்.

போகும் செலவையும் கணக்கில் எடுங்கள். இலங்கைக் குடிமக்களிடம் வாசலில் டொலர் கணக்கில் நுழைவு வரி வாங்குகிறார்கள், அதைத் திரும்பிக் கேட்க முடியாது. இராத்திரி ரயிலுக்குத் திரும்பும் காசையும் சாப்பாட்டுக் காசையும் வேறு பொக்கெற்றில் போட்டு, விளையாட எடுத்த காசு முடிந்தால் எழும்பிவிடுங்கள். வங்கிக் கார்டை அறையிலேயே விட்டுப் போவது இன்னும் நல்லது.

அதற்கு முன் வீட்டிலேயே பழகலாம், செலவில்லாமல். இரண்டு கட்டுக் கடதாசி, ஒரு சுண்டு புளியங்கொட்டை போதும், ஒருவர் டீலராக இருந்து 17க்கு நிறுத்த வேண்டும். மருமகனுக்கு 40 கொட்டை கொடுத்து பிளக்ஜாக் வைத்தேன். முதல் அரை மணித்தியாலம் 16 வந்த போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி தேத்தண்ணி கொண்டு வரும்போது அவனிடம் 9 கொட்டை மிஞ்சியிருந்தது. இரண்டு 10ஐப் பிரித்து ஒரு தரத்தில் 6 கொட்டையை விட்டவனாம், ஏன் என்று கேட்டால் இரண்டும் ராசா மாமா என்கிறான். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறேன்.