ரியாலிட்டி நிகழ்ச்சியிலிருந்து சட்டமன்றத் தேர்தலுக்கு: போட்டியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிக் பாஸ் போன்ற நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்று, வீடுதோறும் அறிமுகமான முகமாக வெளியே வந்தவருக்கு, தேர்தலில் நின்றால் என்ன என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. அரசியல் குடும்பங்களுக்கு வெளியிலிருந்து புதியவர்கள் சட்டமன்றத்துக்கு வர வேண்டும் என்று உளமார விரும்புவதால், அந்த எண்ணத்தை இந்த வழிகாட்டி மதிக்கிறது. தமிழ்நாட்டில் அதை எவ்வாறு முறையாகச் செயலாக்குவது என்பதே இங்குச் சொல்லப்படுகிறது.

முதலில், நிகழ்ச்சியில் கிடைத்த வாக்கின் தன்மையைப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே எந்த ஊரில் இருப்பவரும் உங்களுக்கு வாக்களிக்கலாம்; ஒருவரே பல வாக்குகள் போடவும் இடம் இருந்தது. சட்டமன்றத் தேர்தலிலோ தொகுதிக்குள் பெயர் பதிந்தவருக்கு மட்டுமே, அதுவும் ஒரே ஒரு வாக்கு. உங்கள் ரசிகர்கள் 234 தொகுதிகளிலும் சிதறிக் கிடப்பார்கள் என்பதால், ஒரு தொகுதிக்குள் அவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியதாகவே இருக்கும். இந்தி பிக் பாஸில் பங்கேற்ற அஜாஸ் கான் 2024 மகாராஷ்டிரத் தேர்தலில் மும்பையின் வர்சோவா தொகுதியில் நின்றார். இன்ஸ்டாகிராமில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 50 இலட்சத்துக்கும் மேல். கிடைத்த வாக்குகள் 155. நோட்டாவுக்கு அதைவிடப் பல மடங்கு விழுந்தது.

தமிழில் பாடலாசிரியர் சினேகனின் அனுபவத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2017-இல் பிக் பாஸ் முதல் பருவத்தின் இறுதிவரை வந்த அவர், நிகழ்ச்சியின் அப்போதைய தொகுப்பாளரான கமல்ஹாசன் 2018-இல் தொடங்கிய மக்கள் நீதி மய்யத்தில் இணைந்து, 2019-இல் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியிலும் 2021-இல் சென்னை விருகம்பாக்கம் சட்டமன்றத் தொகுதியிலும் போட்டியிட்டுத் தோற்றார். விருகம்பாக்கத்தில் வென்ற திமுகவின் பிரபாகர் ராஜா, வணிகர் சங்கத் தலைவர் விக்கிரமராஜாவின் மகன். கட்சியின் கிளை அமைப்பும் கடைவீதிகளில் நெடுநாள் பழக்கமும் ஒருவருக்குப் பின்னால் நிற்கும்போது, திரைவழி அறிமுகம் மட்டும் அதற்கு ஈடாகாது என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே காலத்தை முதலில் ஒதுக்குங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2024 தேர்தலில் அரசுத் தலைமை வழக்கறிஞராக வென்ற நிக் பிரவுன், 2001-இல் ஒளிபரப்பான ‘சர்வைவர்’ நிகழ்ச்சியின் ஆஸ்திரேலியப் பருவத்தில் போட்டியாளராக இருந்தவர். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் இராணுவ வழக்கறிஞராகவும், ஆளுநரின் சட்ட ஆலோசகராகவும், கூட்டாட்சி அரசின் வழக்கறிஞராகவும் பணியாற்றியிருந்தார். வாக்காளர் அவரை எடைபோட்டது அந்தப் பணிகளைக் கொண்டுதான் என்று எண்ணத் தோன்றுகிறது.

நீங்கள் பிறந்த ஊரோ, படித்த ஊரோ, உங்கள் குடும்பம் தொழில் செய்யும் ஊரோ உள்ள ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே குடியேறுங்கள். தொகுதியின் வாக்குச்சாவடிப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு சாவடிக்கும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க இருவரையாவது அறிந்துகொள்ளுங்கள். வாக்குப்பதிவு நாளில் பூத் ஏஜென்டாக உட்காரப்போவது அவர்களே. ஊராட்சிப் பகுதியாயின், ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபைக்குத் தவறாமல் சென்று, குடிநீர், பட்டா, நூறு நாள் வேலை பற்றி மக்கள் எழுப்பும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வார்டில் நின்று தொடங்குவதே என் பரிந்துரை. அதற்கு 21 வயது போதும்; சட்டமன்றத்துக்கு 25 நிறைந்திருக்க வேண்டும்.

இன்னொரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. நிகழ்ச்சியில் நீங்கள் பேசியவை அனைத்தும் பதிவாகியிருக்கின்றன. கோபத்தில் சொன்ன ஒரு சொல் தேர்தல் நேரத்தில் துண்டுக் காணொளியாக எல்லார் கைப்பேசிக்கும் வந்து சேரும். 2017-இல் தமிழ் பிக் பாஸில் ‘சேரி’ என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்திய ஒரு காட்சி எத்தகைய கண்டனத்தைச் சந்தித்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். சாதி, பெண்கள், மதம், ஏழ்மை குறித்து நீங்கள் சொன்னவற்றை நம்பிக்கையான ஒருவருடன் அமர்ந்து முழுமையாகப் பாருங்கள். தவறானதற்கு, வேட்பாளராவதற்கு வெகு முன்பே, சம்பந்தப்பட்ட மக்களிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவியுங்கள். தொலைக்காட்சி நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில் நிகழ்ச்சிக்குப் பிந்தைய கட்டுப்பாடுகள் ஏதும் உள்ளனவா என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுவதும் நல்லது.

கட்சியில் சேர்வதாயின், உங்களைக் கூட்டம் சேர்க்க மட்டும் அழைக்கிறார்களா, பொறுப்பும் தொகுதிப் பணியும் தருவார்களா என்பதை வெளிப்படையாகக் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவரும், அவரே தன் வேட்பாளர் என்று கட்சி உறுதிசெய்யும் படிவம் ஏ, பி ஆகியவையும் தேவை. சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். மாநிலத்தின் எந்தத் தொகுதியிலாவது உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும். வேறு தொகுதியில் நிற்கும்போது அந்தப் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட நகலை இணைக்க வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000 ரூபாய்; செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குகூடக் கிடைக்காதவர் அதை இழப்பார்.

படிவம் 26 எனப்படும் பிரமாணப் பத்திரத்தில் எந்த இடத்தையும் வெற்றாக விடாதீர்கள். சொத்து, கடன், வழக்குகள், கடந்த ஐந்தாண்டு வருமான வரி விவரம், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் அதில் வர வேண்டும். நிகழ்ச்சியில் பெற்ற பரிசுத்தொகைக்கும் ஊதியத்துக்கும் வரிக் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதை முன்கூட்டியே தணிக்கையாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 இலட்சம் ரூபாய். மனுத் தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே தனி வங்கிக் கணக்கு தொடங்கி, தேர்தல் செலவு முழுவதையும் அதன் வழியாகவே செய்ய வேண்டும். உங்களைப் போன்றோர் சறுக்கக்கூடிய இடம் இதுதான். உடன் பங்கேற்ற நண்பர் அன்பின் பேரில் பிரசாரத்துக்கு வந்தாலும், அவர் உங்கள் கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலில் இல்லையென்றால் அவருடைய பயணமும் தங்குமிடமும் உங்கள் கணக்கில் ஏறும். பணம் பெற்றுக் காணொளி போடுபவரின் கட்டணமும் அவ்வாறே. சமூக ஊடக விளம்பரங்களுக்குத் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றிதழ் குழுவின் முன் அனுமதியும் வேண்டும்.

முடிவு வெளியான 30 நாட்களுக்குள், வென்றாலும் தோற்றாலும், செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்றாண்டுகள் வரை போட்டியிட முடியாமல் போகலாம். அதன்பின், வாக்குச்சாவடி வாரியாக வாக்குகளைக் காட்டும் படிவம் 20-ஐப் பெற்று, மிகக் குறைவாக வாக்கு விழுந்த சாவடிகளின் தெருக்களிலிருந்து உங்கள் அடுத்த சுற்றைத் தொடங்குங்கள்.